காணாமல் போன மூன்று அத்தியாயங்கள்

காலை பத்தேகால். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்த எடிட்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 'குரல்' என்ற ஃபோல்டரில் நாவலின் பதினேழு அத்தியாயங்கள்தான் இருந்தன. அறுவை சிகிச்சைக்கு முந்தைய மூன்று நாட்களில் அவன் அக்கா வாசித்து முடித்த கடைசி மூன்றையும் காணோம்.

இன்னொரு முறை வாசிக்கச் சொல்லலாம் என்றால், அதற்கும் வழியில்லை. புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வதுதான் அக்காவின் தொழில். நேற்று அவள் தொண்டையிலிருந்து கட்டியை எடுத்திருந்தார்கள். பழைய குரல் திரும்புமா என்று கேட்டதற்கு டாக்டரே உதட்டைப் பிதுக்கினார். காணாமல் போனது அந்தக் குரலின் கடைசிப் பதிவாகவும் இருக்கலாம்.

ஸ்டூடியோ அக்கா புருஷனுடையது. மாமா வந்து திரையைப் பார்த்தார், பிறகு எடிட்டரைப் பார்த்தார்.

"அந்த ஃபோல்டர்ல எதையும் அழிக்க உன்னால மட்டும்தான் முடியும், மாப்ளே. மத்தவங்க கேக்க மட்டும்தான் முடியும்னு நீயேதான் பூட்டு போட்ட."

உண்மைதான். ஒருமுறை மாமா கைதவறி ஒரு முழுப் புத்தகத்தையே அழித்த பிறகு போட்ட பூட்டு அது. போதாக்குறைக்கு, கடைசி நாள் பதிவு முடிந்ததும் கம்ப்யூட்டர் இடமில்லை என்று புலம்பியதால் எடிட்டர் பழைய விளம்பரங்கள் சிலவற்றை அழித்திருந்தான். அவசரத்தில் அதோடு இதையும் சேர்த்து அழித்துவிட்டோமோ? தன் கையையே நம்ப முடியாமல் அவன் நொந்துபோனான்.

மாமாவின் அண்ணி போலீஸில் கம்ப்யூட்டர் குற்றப் பிரிவில் இன்ஸ்பெக்டர். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர் விஷயம் கேள்விப்பட்டு நேரே ஸ்டூடியோவுக்கு வந்தார். மாமா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எடிட்டருக்கும் அவர் அண்ணிதான். வந்ததும் இருவரிடமும் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, விசாரணையை ஆரம்பித்தார்.

"மூணையும் கடைசியா எப்ப பார்த்த?"

"முந்தாநாள் சாயங்காலம். ரெக்கார்டிங் திரையில."

"அப்ப பழைய பதினேழும் இருந்துச்சா?"

எடிட்டர் யோசித்தான். அக்காவைப் படபடப்பில்லாமல் வாசிக்க வைப்பதே பெரும்பாடாக இருந்தது. அந்த மூன்று நாளும் பழையதை அவன் திறக்கவே இல்லை.

அண்ணி கீபோர்டில் ஏதோ தட்டினார். புருவம் உயர்ந்தது. கம்ப்யூட்டருக்கு உள்ளேயே இருக்கும் சொந்த வட்டு இன்னும் நிறைந்தே இருந்தது. ஆனால் அதில் கண்ணுக்குத் தெரிந்த கோப்புகளையெல்லாம் கூட்டினால் பாதிகூட வரவில்லை. பிறகு அவர் குனிந்து மேஜைக்கடியில் பார்த்தார். பதிவுகளைச் சேமிக்கும் தனி ஹார்டு டிஸ்க் பெட்டி அங்கே இருந்தது. கம்ப்யூட்டரில் சொருகியிருந்த அதன் ஒயர் அழகாகச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது.

"இந்த மேஜையை யாராவது நகர்த்தினாங்களா?"

அக்கா அந்த மூன்று அத்தியாயங்களைத் தொடங்குவதற்கு முந்தின நாள் ஏசி மெக்கானிக் வந்து, கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லிவிட்டு நகர்த்தினார் என்றார் மாமா.

"ஒயரைக் கட்டினது?"

"நான்தான், அண்ணி. இன்னிக்குக் காலையில. கழண்டு கீழ கிடந்துச்சு. சொருகிட்டு, கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போட்டேன். ஆஸ்பத்திரியில சும்மா உட்கார முடியல. அவ வரும்போது ரூமாவது சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

அண்ணி நிமிர்ந்தார். "பூட்டை யாரும் திறக்கல. பொருள் வீட்டை விட்டுப் போகவே இல்ல. உன் மாப்பிள்ளை எதையும் அழிக்கல, தம்பி. ஆளு நீதான்."

மாமாவின் முகம் வெளிறியது. அண்ணி அவரை நாற்காலியில் உட்கார வைத்து நிதானமாக விளக்கினார். "இது விண்டோஸ் இல்ல, லினக்ஸ். இதுல வெளியில இருக்கிற பெட்டிக்குத் தனி வாசல் கிடையாது. ஏதாவது ஒரு ஃபோல்டர் மேல கொண்டுவந்து உட்கார வைக்கணும். அந்த மூணு நாளும் பெட்டி இல்ல. 'குரல்' வெறும் ஃபோல்டரா இருந்துச்சு. அதுவும் எடிட்டர் பேர்லதான் இருக்கு, அதனால மறுக்காம எல்லாத்தையும் கம்ப்யூட்டரோட சொந்த வட்டுலயே வாங்கிக்கிச்சு. இடம் பத்தாம போனது அதனாலதான். இன்னிக்கு நீ பெட்டியைச் சொருகி அணைச்சுப் போட்டதும், அது வந்து மேல உட்கார்ந்துக்கிச்சு. தட்டு மேல தட்டு வெச்சா அடித்தட்டுல இருக்கிறது தெரியுமா?"

ஒரே ஒரு கட்டளையில் பெட்டியை அந்த ஃபோல்டரிலிருந்து விலக்கினார். பதினேழு அத்தியாயங்கள் மறைந்தன. காணாமல் போன மூன்றும் அங்கே இருந்தன. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம் என்று புரிந்த பிறகுதான் எடிட்டருக்கு மூச்சு வந்தது.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதல் கோப்பை ஓடவிட்டான். கதை தொடங்குமுன் அக்காவின் குரல் கேட்டது.

"டேய், கால்ல ஏதோ ஒயர் தட்டுது. என்னன்னு பாரேன்."

அடுத்து அவன் குரல்: "அப்புறம் பாக்கலாம்க்கா, நேரமாகுது."

எடிட்டர் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணி சிரித்துவிட்டார். "அப்ப கூட்டுக் களவாணிங்க ரெண்டு பேரு."

மாமா சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. நாற்காலியை எடிட்டர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் தோளில் கைவைத்தார்.

"கதை அப்புறம் கேக்கலாம், மாப்ளே. அவ உன்னைக் கூப்பிட்டாளே, அந்த இடத்தை இன்னொரு தடவை போடு."