கொய்யாத் தோப்பில் காணாமல் போன கண்மலர்

காலை பத்து மணிக்கு முனியப்பன் சிலைக்குச் சாத்தியிருந்த வெள்ளிக் கண்மலர் காணாமல் போனது. பத்தேகாலுக்கு எழிலரசியின் சைக்கிள் பையிலிருந்து அது வெளியே வந்தது.

கடத்தூரை அடுத்த அந்தக் கொய்யாத் தோப்பும் அதற்குள் இருந்த முனியப்பன் கோயிலும் ராஜாமணியுடையவை. ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை, மொரப்பூரிலிருந்து பொழுதுபோக்காகச் சைக்கிள் மிதித்து வந்த மூன்று பேர் இளைப்பாற உள்ளே நுழைந்திருந்தார்கள். ராஜாமணி கேட்டைப் பூட்டிச் சாவியை மடியில் செருகினார். சுற்றிலும் பன்றிக்குப் போட்ட மின்வேலி. போன மாதம் அதில் மூக்கை வைத்த பன்றி சேலத்தைத் தாண்டி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகத் தகவல்.

“போலீசு வருது. ஒருத்தரும் நவரக் கூடாது.”

அடுத்த வாரம் எழிலரசி நூலகர் வேலையில் சேர வேண்டும். மாவட்டத்துக்கே ஒரே இடம். பெயரில் வழக்கு விழுந்தால் அது அடுத்த மதிப்பெண்காரருக்குப் போய்விடும். அந்த அடுத்தவன் மாதவராஜ், பக்கத்திலேயே நின்றான். “உனக்கு வேணாம்னா எனக்குக் குடு எழில்” என்று வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தவன், இப்போது நிலைகொள்ளாமல் காலை மாற்றி மாற்றி மிதித்தான்.

“நீ எங்கம்மா இருந்த?” என்றார் ராஜாமணி.

“கிணத்தாண்ட. தனியா.”

“அதான் பார்த்தேன்.”

உடன் வந்த தோழி தெரசா பாய்ந்தாள். “அடுத்த வாரம் வேலைல சேரப்போறவ, அவ திருடுற ஆளா? நான் மரத்தடியில படுத்திருந்தேன், என்னையும் புடிங்க!”

“நான் பஞ்சர் ஒட்டினேன்,” என்றான் மாதவராஜ். “கோயில் பக்கமே போவல.”

எழிலரசி கேட்டாள்: “ஐயா, காலைல கோயில்ல பூசை பண்ணீங்களா?”

“பண்ணேன். பாழாப்போன ஆடு பானகச் சொம்பை உருட்டிருச்சு. தரையெல்லாம் வெல்லப் பிசுக்கு.”

“அப்ப எல்லார் ஷூ அடியையும் பாருங்க.”

பார்த்தார். மூன்று ஜோடியிலும் செம்மண்தான். பிசுக்கு இல்லை. மாதவராஜ் தன்னுடையதை உயர்த்தியே காட்டினான். “நல்லாப் பாத்துக்குங்க.”

எழிலரசியின் கடைசி வழியும் அடைபட்டது. தூரத்தில் ஜீப் இரைந்தது. அவள் மாதவராஜின் கால்களையே பார்த்தாள்.

“ஐயா, இந்த ஊர்ல முனியப்பன்கிட்ட ஷூவோட யாராச்சும் போவாங்களா?”

“கண்ணு அவிஞ்சிரும்!”

“திருடப் போனவனுக்கும் அதே பயம். வாசல்ல ஷூவைக் கழட்டிட்டுத்தான் உள்ள போயிருக்கான். அவசரத்துல சாக்ஸைக் கழட்டல. ஷூவுல என்னா தெரியும்? மாதவா, சாக்ஸைக் காட்டு.”

மாதவராஜ் நகரவில்லை. ராஜாமணி அவன் ஷூவை உருவினார். சாக்ஸ் அடியில் வெல்லமும் குங்குமமும் அப்பியிருந்தன. அதில் கொய்யாத் தோப்பின் எறும்பில் பாதி குடியேறியிருந்தது. இவ்வளவு கடியையும் பல்லைக் கடித்துப் பொறுத்தவனுக்கு வேலையே கொடுத்திருக்கலாம்.

“எழில், கேஸ் வேணாம்னு சொல்லு. என் வாழ்க்கை...”

“அதை என் பையில போட்டப்ப என் வாழ்க்கை?”

ஜீப் நின்றது. ஏட்டு கேட்டுக் கம்பி வழியாகக் குரல் கொடுத்தார். “யாருங்க எழிலரசி? அவங்க மேலதான புகார்?”

ராஜாமணி சாவியை எடுத்தார்.

“அவங்க சாட்சிங்க,” என்று கேட்டைத் திறந்தார். “சாட்சி சொல்லிட்டு வேலைக்குப் போவணும். சீக்கிரம் எழுதிக்குங்க.”