உள்ளிருந்து உதைத்தால்

விரலைப் பிளேடு கிழித்து மூன்று நாளாகிறது, ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. கிழிந்த இடத்தில் பழுப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான். ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடப்பவளுக்கு இதையெல்லாம் பார்க்க ஏது நேரம் என்று விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

செடிகளைக் காயப்படுத்துவதுதான் அவள் வேலை. சன்னலில்லாத ஆய்வறை, அணையவே அணையாத வெள்ளை விளக்குகள், தட்டுத் தட்டாக நாற்றுகள், ஈர மண்ணும் கசங்கிய இலையும் கலந்த வாடை, விசிறியின் ஓயாத ரீங்காரம். செடியால் ஓட முடியாது, பாவம். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு சுவர், அதற்கு இருப்பது அதுதான். சுவர் கிழிந்தாலும் அதற்குத் தெரியும், உள்ளழுத்தத்தில் நெளிந்தாலும் தெரியும்; உடனே இன்னும் தடிப்பாகக் கட்டிக்கொள்ளும். உடைந்த சுவரின் துணுக்குகளைக் கரைத்துத் தெளித்தால், கீறலே படாத செடியும் அடிபட்டதாக நம்பிக் கட்டத் தொடங்கிவிடும். தெளிப்பவள் அவள்தான். மசக்கையில் ரப்பர் வாடை குமட்டுகிறதென்று முகமூடியைக் கழற்றியவள் அப்புறம் போடவே இல்லை. செடிச்சாறுதானே, என்ன செய்துவிடும் என்று அங்கே எல்லோரும் சொல்வதுதான்.

அன்று மதியம் தெளித்துக்கொண்டிருந்தபோது குழந்தை உதைத்தது. உதைத்த இடம் அப்புறம் இளகவில்லை. தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்குக் கெட்டியாக இருந்தது. மறுபடி உதைத்தது. பக்கத்திலும் அதே போல் இறுகியது.

சாயங்காலம் புருஷன் வயிற்றில் காதை வைத்தான்.

"உன்னை மாதிரியே அழுத்தக்காரப் புள்ள. கூப்பிட்டா பதிலே இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

காலையில் ஆஸ்பத்திரி நர்ஸ் கருவியை வயிறு முழுக்க நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். "துடிப்பு நல்லா இருக்கும்மா. ஆனா... ரொம்ப தூரத்துல கேக்குது."

நீர் எடுத்துப் பார்க்க டாக்டரம்மா வயிற்றில் குத்திய ஊசி வளைந்தது. இரண்டாவது ஒடிந்தது. குத்திய இடத்தைச் சுற்றிப் பழுப்பு படர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடித்தது.

"ஆபரேஷன் பண்ணிடலாம்," என்றார் டாக்டரம்மா.

"வேணாம் டாக்டர். வெட்டினா இன்னும் கட்டும்."

"எது கட்டும்?"

அவள் எழுந்து கழிவறைக்குப் போய்த் தனியாக அழுதாள். கரைசலை முகத்துக்கு நேரே தெளித்துக்கொண்டு திரிந்த தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

வெட்டினால் கட்டும். உதைத்தால் கட்டும். சும்மா இருந்தால்தான் பிழைக்கும். அதை உள்ளே இருக்கும் குழந்தைக்கு யார் போய்ச் சொல்வது?

"உதைக்காதடா செல்லம்," என்றாள், கட்டிலுக்குத் திரும்பி வயிற்றைத் தடவியபடி. "அம்மா சொன்னா கேளு. அசையாம இரு."

இடம் குறையக் குறைய அது இன்னும் உதைத்தது. இறுகியது. உதைத்தது. இறுகியது.

பெரிய டாக்டர்களைக் கூப்பிட எல்லோரும் வெளியே ஓடினார்கள். கூட வந்திருந்த புருஷன் மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

உதை நின்றது.

"தூங்கிடுச்சு போல," என்றான் அவன்.

இல்லை. அவளுக்குக் கேட்டது. மெல்லிய சத்தம்.

குழந்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு சுரண்டலுக்கும், கொஞ்சம் கொஞ்சமாக, வயிறு உள்பக்கமாகத் தடித்தது.