இருக்கட்டும்

கிழக்குத் தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டி நின்ற அந்த ஓட்டு வீட்டுக்கு ஜெனி நண்பகலில் வந்து சேர்ந்தாள். பையில் அச்சுப்படிகள், கையில் சிவப்புப் பேனா. 'சாம்பல் மணவறை' நாவல் மறுபதிப்பாகிறது. எழுத்தாளரின் கையெழுத்துப் படியோடு அதை ஒப்பிடுவது அவள் பணி. அதை எழுதிய, நாற்பது ஆண்டுகள் வாசல் தாண்டாத வேதசிரோமணி அம்மையார் சென்ற மாதம்தான் தம் எழுத்தறையிலேயே மாண்டிருந்தார்.

"கையில இன்னா தழும்பு பாப்பா?" என்றாள் வீட்டைக் காத்துவந்த கன்னியம்மா.

"ஒருத்தன் பேரைப் பச்சை குத்தியிருந்தேன்க்கா. லேசர்ல அழிச்சிட்டேன்."

"எம்புருசன அழிக்கவும் மெஷின் கீதா?" சிரித்தாள். "டீ போடவா?"

"இருக்கட்டும்க்கா."

சிரிப்பு அறுந்தது. "அந்த வார்த்தய இந்த வூட்ல சொல்லாத. அம்மா கடேசி வரிக்கும் அதயேதான் எழுதிகினு இருந்துச்சு."

எழுத்தறையில் துணி கருகிய நாற்றம்.

காதலாம், காதல்! மறுத்தவளைக் கொளுத்தியவனுக்கு மாலை சூட்டிய நாவல் அது. எத்தனை இளைஞர் அந்தக் கொள்ளியை நெஞ்சில் ஏந்தினர்! ஏந்திய ஒருவனை ஜெனி அறிவாள். "எனக்கில்லன்னா எவனுக்கும் இல்ல" என்ற சுகுமார். அவனுக்கு அஞ்சியே வீடு மாற்றினாள், எண்ணை மாற்றினாள், மணிக்கட்டிலிருந்த பெயரையும் எரித்தாள்.

நாவலின் கடைசி வரி: 'சாம்பலிலும் அவள் அவனுடையவள்.'

ஒப்பிட வந்தவளுக்கு எதையும் அடித்து நீக்கும் உரிமை இல்லை. அறிந்தே அந்த வரியை அடித்தாள், தாள் கிழியும்படி.

மின்விசிறி நின்றது.

அடித்த வரியின் கீழே, ஈரச் சிவப்பில், ஒவ்வொன்றாய்ப் புள்ளிகள் முளைத்தன. ஓரத்தில் நடுங்கும் கையெழுத்தில் ஒரு சொல்: 'இருக்கட்டும்.'

அடித்ததை அழிக்காதே, அப்படியே விடு என்று அச்சகத்துக்குச் சொல்லும் பழைய குறி.

மீண்டும் அடித்தாள்.

மீண்டும் புள்ளிகள்.

காதருகே, கருகிய மூச்சில், ஒரு முதிய குரல்: "நீ அடித்ததெல்லாம்..."

பேனாவை எறிந்துவிட்டு ஜெனி வெயிலுக்கு ஓடினாள். கேட்டருகே கன்னியம்மா நின்றிருந்தாள்.

"பாப்பா, ஒன்ன தேடிகினு ஒரு தம்பி வந்துகீது. சுகுமாராம்."

இந்த முகவரியை ஜெனி எவரிடமும் சொன்னதில்லை.

காற்றில் பெட்ரோல் வாடை வந்தது. மணிக்கட்டு எரிந்தது. பார்த்தாள்.

அழித்த பெயர் பச்சையாய்த் தெளிந்திருந்தது. அதன் கீழே நான்கு சிவப்புப் புள்ளிகள்.