தகடு ஆறும் வரை

மழை என்றால் அப்படியொரு மழை... சூலியா தெரு முனையில் தண்ணீர் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் நடுவே ஞானாம்பிகையின் பழைய மோரிஸ் மைனர் கார் ஒருமுறை இருமிவிட்டு நின்றே போயிற்று.

சாவியைத் திருகினாள். ஊஹூம்... பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. திடீரென்று கால் சில்லிட, குனிந்து பார்த்தாள். தரைவிரிப்பு மிதந்துகொண்டிருந்தது!

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். தொப்பலாக நனைந்த ஒருவன்.

"கியரை ஃப்ரீயில போடுங்க மிஸ், தள்ளி விடுறேன்."

தள்ளினான். காரைக் கடையோரம் சேர்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். அவன் உதடு துடித்தது. அடக்க முடியவில்லை, சிரித்தேவிட்டான்.

"இது கார்தானா மிஸ்... இல்ல சம்பான் படகா? அடி பூரா துருப்பிடிச்சு ஓட்டை லா!"

"சிரிக்காதீங்க அண்ணே. எங்க அப்பா கார் இது. அவர் இப்ப இல்ல."

சட்டென்று சிரிப்பு நின்றது. இமைகளில் மழைத்துளி தொங்க அவன் அவளைப் பார்த்தான். இப்படி ஒருவர் தன் முகத்தை நேராகப் பார்த்து எத்தனை நாளாயிற்று... ஞானாம்பிகை பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்க. எனக்கு வெல்டிங்தான் வேலை. வீட்டு கரண்டுல ஓடுற சின்ன மிஷின் ஒண்ணு வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை வந்து ஒட்டித் தரட்டுமா?"

அவன் பெயர் கதிர்வேலு. பத்து காவான் என்ற எஸ்டேட்டில் பிறந்தவன். புக்கிட் தெங்காவில் இரும்பு அலமாரி செய்யும் தொழிற்சாலையில் வேலை. கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் வாடகை அறை, பெற்றோர் இல்லை. இதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவளுக்கும் யார் இருந்தார்கள்? அம்மா முன்பே போய்விட்டாள். துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த அப்பா போன வருடம் போனார். அண்ணன் அப்புத்துரை கோலாலம்பூரில் குடும்பத்தோடு இருந்தார். முப்பத்துமூன்று வயதில், ஜெலுத்தோங் வீட்டில், ஒற்றை ஆளுக்குச் சமைத்து, அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டு முடிப்பாள். பேச்சுத் துணைக்கு ரேடியோ. ஞாயிற்றுக்கிழமை என்றாலே பயமாக இருக்கும்... அவ்வளவு நீளம் அந்த நாள்.

அந்த ஞாயிறு கதிர்வேலு ஃபெர்ரியில் வந்து இறங்கினான், மோட்டார் சைக்கிளின் பின்னால் மிஷினைக் கட்டிக்கொண்டு. இருக்கைகளைக் கழற்றினான். துருவைச் சுரண்டினான். புதுத் தகட்டில் வரிசையாக ஓட்டைகள் போட்டு, பழைய தகட்டின்மேல் படிய வைத்தான்.

"தகட்டுல எதுக்கு ஓட்டை? இருக்கிற ஓட்டை போதாதா?"

"இந்த ஓட்டை வழியாத்தான் நெருப்பு கீழ்த் தகட்டைப் பிடிக்கும் மிஸ். அதை நிரப்பிட்டா ரெண்டும் ஒண்ணாயிடும். மெல்லிசுத் தகடு... கொஞ்சம் அதிகமா நின்னாலும் பொத்துக்கும். கட்டையால அமுக்கிப் பிடிங்க. முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்குங்க!"

மூடினாள். சடசடவென்று பொறி பறந்தது. வீட்டுக்குள் விளக்கு மங்கியது. கண் திறந்தபோது அவன் முகமூடியை உயர்த்தியிருந்தான். வியர்வையில் பளபளத்த முகம், அதில் அந்தக் கண்கள்... அவள் கையிலிருந்து கட்டை நழுவியது.

கொஞ்ச நேரத்தில் மிஷினை அணைத்துவிட்டான்.

"அவ்வளவுதானா?"

"தகடு ஆறணும் மிஸ். அவசரப்பட்டா நெளிஞ்சிடும். மீதி அடுத்த வாரம்..."

அடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரமும். நாலு ஓட்டையில் வெல்டிங் பொட்டு வைப்பான், ஆறணும் என்பான், தேநீர் குடிப்பான், பேசுவான். அவள் பசாரில் இரண்டு பேருக்கு மீன் வாங்க ஆரம்பித்திருந்தாள். 'அண்ணே' என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அவன் போனபின் மாலைகள் முன்னைவிட மோசமாகிவிட்டன. முன்பு வீடு வெறிச்சென்று இருந்தது. இப்போது ஒருவர் இல்லாமல் இருந்தது.

ஒரு சனிக்கிழமை அப்புத்துரை போன் செய்தார்.

"ஞானம், யாரோ எஸ்டேட் பையன் வாராவாரம் வீட்டுக்கு வர்றானாமே? கோயில்ல பேசிக்கிறாங்க. நம்ம குடும்பம் என்ன, அவன் என்ன? காரை வித்துடு. திங்கக்கிழமை ஆள் வரும்."

"சரி அண்ணே" என்று போனை வைத்துவிட்டு, விளக்குப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"இன்னைக்கே முடிச்சிடுங்க. நாளைக்குக் காரை விக்கிறோம். கண்டவங்க வீட்டுக்கு வர்றது அண்ணனுக்குப் பிடிக்கலையாம்."

கண்டவங்க... அண்ணன் சொல்லாத சொல் அது. எங்கிருந்து வந்தது? கதிர்வேலு மிஷினைப் போட்டான். முகமூடியை இறக்கிக்கொண்டான்.

ஒரு மூலையில் ஒரு பொட்டு. அது ஆறுவதற்குள் மறு மூலையில் இன்னொன்று. கை நிற்கவே இல்லை. ரேடியோவில் மத்தியானச் செய்தி தொடங்குமுன் தரை முழுதும் முடிந்திருந்தது. எங்கும் நெளியவில்லை.

அவள் திகைத்துப் போனாள்.

"அரை நாள் வேலையா இது? அப்ப ஏன் ஒரு மாசமா... தகடு ஆறணும்னு சொன்னீங்களே! என்னை ஏமாத்துனீங்களா?"

அவன் முகமூடியைக் கழற்றினான். கண்கள் சிவந்திருந்தன.

"தகடு ரெண்டு நிமிஷத்துல ஆறிடும். எனக்குத்தான்... வேலை முடிஞ்சா இங்க வர்றதுக்குக் காரணம் இருக்காது. என் ரூம்ல போய்க் கதவைத் திறந்தா, வாங்கன்னு சொல்ல ஒரு ஆள் கிடையாது. இங்க நீங்க சொன்னீங்க. தப்புதான். நான் வர்றேன்."

மிஷினை வண்டியில் ஏற்றிக் கயிற்றை இழுத்துக் கட்டினான். ஞானாம்பிகை நேராக உள்ளே போனாள். போனை எடுத்து அண்ணன் எண்ணைச் சுழற்றினாள். வாசல்வரை கேட்கும்படி பேசினாள்.

"அண்ணே, கார் விக்கிறதுக்கில்ல... ஆமா, அவர் இங்கதான் இருக்கார். நான்தான் வரச் சொன்னேன். இனிமேலும் வருவார்... கோவப்படுங்க அண்ணே. ஆனா யோசிச்சுத்தான் சொல்றேன்."

வெளியே வந்தாள். அவன் கயிற்றைப் பிடித்தபடியே நின்றான்.

"அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க."

"விடுங்க... அடுத்த ஞாயிறு வரட்டுமா? கார்ல இனி வேலை ஒண்ணும் இல்லையே..."

"இல்லதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள். "ஆனா எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் பத்தாது..."