அறுபது வந்தால் படம்

ஆத்மநாதன் குழாயைத் திருப்புவதற்கு முன்பே கீழேயிருந்து எண் வந்தது.

"நாப்பத்தெட்டு."

மொட்டை மாடியில், வாசல் பக்கச் சுவரோரம் ஆண்டெனாக் குழாயைப் பிடித்து நின்றவனுக்கு அது உறைக்கவில்லை. கேபிளே வேண்டாம் என்று வீம்பாக டிஜிட்டல் பெட்டி வாங்கி வந்துவிட்டான். நார்த்தாமலை குறுக்கே நின்று சிக்னலை மறித்தது. பழைய டிவி போலப் புள்ளி புள்ளியாகவாவது தெரியும் என்ற பேச்சே இதில் இல்லை. சிக்னல் அறுபது வந்தால் முழுப் படம், இல்லாவிட்டால் வெறும் கறுப்பு. நான்கு மணியிலிருந்து அவன் திருப்ப, கூடத்தில் மனைவி செவந்தி திரையைப் பார்த்து எண்ணைக் கத்த, பக்கத்துத் தொட்டிலில் எட்டு மாதக் குழந்தை இளமதி சிணுங்கிக்கொண்டு கிடந்தாள்.

வெளிச்சம் மங்கியது. கையெல்லாம் துரு வாடை. எண்ணுக்கொரு வசவு வைக்கும் செவந்தி இப்போது எண்ணை மட்டுமே சொன்னாள்.

"அம்பத்தொன்னு."

"கோவமா புள்ள?"

"இன்னுங் கொஞ்சம் அங்கிட்டு."

திருப்பினான். தெருமுனையில் பால் தூக்கோடு ஒருத்தி வந்தாள். மஞ்சள் சேலை. செவந்தி.

"நீ எப்ப வெளிய போன?"

"அரை மணி நேரமாச்சே! பாலுக்குப் போறேன், பிள்ளையப் பாத்துக்கங்கன்னு கத்திட்டுத்தான போனேன்? சரின்னீங்களே!"

அவன் காதில் அப்படி எதுவும் விழவில்லை. சரி சொல்லவும் இல்லை.

"அம்பத்தாறு" என்றது கூடத்துக்குள் செவந்தியின் குரல்.

வெடுக்கென்று எதிர்ப்பக்கம் திருப்பினான். "நாப்பது." குரல் தொலைவுக்குப் போனது. கீழே பிள்ளையிடம் ஓடிவிடலாம் என்று கையை எடுத்தான். நட்டு முறுக்காத குழாய் காற்றில் தானே வடக்கே சுற்றியது. பாய்ந்து பிடித்தான்.

"அம்பத்தெட்டு." இப்போது தொட்டில் பக்கம்.

பிடித்து நின்றால் பிள்ளை அதனோடு தனியாக. விட்டால் அது முழுசாக வந்துவிடும்.

"செவந்தி, பிள்ளையத் தூக்கு! ஓடு!"

தூக்கைப் போட்டுவிட்டு ஓடினாள். கதவை இடித்தாள்.

"உள்ள தாப்பாப் போட்டிருக்குங்க!"

சிணுங்கல் நின்றது. இளமதி சிரித்தாள். அம்மா தூக்கும்போது மட்டும் சிரிக்கிற சிரிப்பு.

இறுக்கிப் பிடித்தான். காற்று ஓங்கி அடித்தது. குழாய் ஒரு விரற்கடை நகர்ந்தது.

"அறுபது."

தாழ்ப்பாள் விலகியது. அதே மஞ்சள் சேலையில், இளமதியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"வந்துருச்சுங்க. எறங்கி வாங்க."

செவந்தி கைகளை நீட்டினாள். அவளைக் கண்டதும் குழந்தை வீறிட்டு, மற்றவளின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டது.