ஓரச் சட்டத்தில் ஓர் ஏணி

ஆடி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், தங்கசாமி குடையை மடக்கிக்கொண்டு இசக்கிப்பாண்டியின் கடைக்குள் நுழைந்தார். எதிரெதிரே ரெண்டு பேர் வந்தால் ஒருத்தர் ஒதுங்கி நிற்கவேண்டிய தாராவிச் சந்து அது. கீழே கடை, மேலே வீடு. வீட்டுக்கு ஏற, வெளியே சந்தில் செங்குத்தாகப் பதினாலு படி வைத்த இரும்பு ஏணி. கடைக்குள் ஏணி கிடையாது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கசாமி பாலித்தீன் பையைப் பிரித்து ஒரு பழைய வீடியோ கேமை மேசையில் வைத்தார். கையில் வைத்து ஆடுகிற சின்ன மிஷின். சாம்பல் நிறம் பழுப்பேறி, கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல். அது ஓடாமல் நின்றுபோய் இருபது வருஷமாவது இருக்கும்.

"இத ரிப்பேர் பண்ண முடியாது அண்ணாச்சி," என்றான் பாண்டி.

"ரிப்பேர் வேண்டாம் பாண்டி. புது மிஷின்ல பழைய கேம் ஓட்டும்போது, சுத்தி இந்தச் சட்டம் தெரியுத மாதிரி போட்டுத் தருவியாமே. சின்ன வயசுலயே செத்துப்போன எங்க தம்பியோடது. கீறல்கூட அப்படியே இருக்கணும்."

அந்த வேலையில் பாண்டி கில்லாடி. பழைய கேமின் படம் சதுரம், புது மிஷினின் திரை அகலம். ரெண்டு ஓரமும் கருப்பாகக் காலி கிடக்கும். அங்கே பழைய மிஷினின் முகத்தையே படம் எடுத்து பார்டராகப் பதிப்பான். கேம் படத்துக்கு ஷேடர் என்று ஒரு பூச்சு. எல்லாம் பச்சை பாரித்துப் புள்ளி புள்ளியாகும், ஓடுகிற பொம்மைக்குப் பின்னால் அதன் நிழல் கொஞ்சம் இழுபடும், அந்தக் காலத்துத் திரை மாதிரியே. படம் எடுக்கும்போது தலையோடு கருப்புத் துணி போர்த்திக்கொள்வான். கண்ணாடியில் அவன் மூஞ்சிகூட விழக்கூடாது.

அன்றைக்கும் அப்படித்தான் எடுத்தான். ஆனாலும் எடுத்த படத்தில், கண்ணாடியின் ஓரத்தில் மங்கலாக ஓர் ஏணி விழுந்திருந்தது.

துடைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தான். நிஜக் கண்ணாடி மாதிரி பளபளப்பு காட்டுகிறதே, கிடக்கட்டும் என்று விட்டான். விட்டதோடு சும்மா இருந்தானா? அந்த அழகில் சொக்கிப்போய், தன் மாஸ்டர் கார்டிலும் அதை ஏற்றிவைத்தான். அவன் விற்கிற மெமரி கார்டெல்லாம் அந்த ஒரு கார்டின் நகல்தான். அந்த வாரமே, ஆண்டாப் ஹில்லில் இதே மாதிரி கடை வைத்திருக்கிற முகைதீன் முப்பது கார்டு வாங்கிப்போனார். ஒரு கார்டு பாண்டியின் மகள் சங்கரேஸ்வரிக்குப் போனது.

சங்கரிக்குப் பத்து வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கேமும் கையுமாகத்தான் இருப்பாள். தண்ணி பிடிக்கக் கூப்பிட்டால், கண்ணை எடுக்காமலே ஏணியில் இறங்குவாள்.

"ஏணியப் பிடிச்சு இறங்குட்டி," என்று பாண்டி கத்தாத நாளில்லை.

"ஒன் மினிட் பப்பா," என்பாள்.

திங்கட்கிழமை கடையில் ஒரு மிஷினைப் போட்டுப் பார்த்தான். பார்டரில் இருந்த ஏணியின் உச்சியில் ரெண்டு கால் தெரிந்தது.

செருப்பில்லாத, ஒரு பையனின் கால்கள்.

பார்டர் என்பது வெறும் போட்டோ. அதில் அசைய எதுவும் இல்லை. வேலை செய்து செய்து கண் பூத்துப்போச்சு என்று தன்னையே திட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனான்.

செவ்வாய்க்கிழமை கால்கள் மேலிருந்து மூணாவது படியில் நின்றன.

நிழல் இழுபடுகிற அளவைக் குறைத்தான். ஷேடரையே எடுத்துவிட்டுப் பார்த்தான். பச்சை போனது. புள்ளிகள் போயின. கால்கள் போகவில்லை. கடைக்குள் நனைந்த துருவின் வாடை அடித்தது.

புதன்கிழமை மத்தியானம் ஆறாவது படி. இப்போது பையனின் நெஞ்சுவரை தெரிந்தது. ரெண்டு கையும் முன்னால் மடங்கி எதையோ பிடித்திருந்தன. ஏணியைப் பிடிக்கவில்லை.

பாண்டி மிஷினை மேசையில் வைத்தான். தங்கசாமிக்கு போன் போட்டான்.

"அண்ணாச்சி, உங்க தம்பி எப்படிச் செத்தாரு?"



"ஏணியில இறங்கும்போது. ரெண்டு கையிலயும் கேம். ஏழாவது படியில கால் வழுக்கிட்டு." அவர் குரல் தணிந்தது. "எங்க வீட்டு ஏணியில தெனமும் அவன் இறங்குத சத்தம் கேக்கும் பாண்டி. உன் கடைக்கு வந்துட்டுப் போன நாள்லயிருந்து கேக்கல."

பாண்டி திரையைப் பார்த்தான். ஆறாவது படியிலிருந்து ஒரு கால் தூக்கியிருந்தது.

வெளியே சந்தில் இரும்பு அதிர்ந்தது.

டங்.

சங்கரி பள்ளிக்கூடம் விட்டு வந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

டங். டங்.

போனைப் போட்டுவிட்டு வெளியே பாய்ந்தான். மழையில், ஏணிக்கு முதுகைக் காட்டியபடி, ஆறாவது படியில் நின்றாள் சங்கரி. ரெண்டு கையிலும் கேம். கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுவாள். அவன் வாயை இறுக மூடிக்கொண்டு ஏறினான்.

அவள் கால் ஏழாவது படியைத் தேடியது.

வழுக்கியது.

இடுப்போடு சேர்த்துப் பிடித்துவிட்டான். கேம் கீழே சாக்கடையில் போய் விழுந்தது. பிள்ளையை இறக்கிக் கடைக்குள் கொண்டுவந்து, நெஞ்சோடு கட்டிக்கொண்டு அழுதான். வெட்கம் பார்க்கவில்லை.

"நா பாத்துத்தான் இறங்குனேன் பப்பா," என்றாள் அவள், மெதுவாக. "கேம்ல அந்தப் பையன் எந்தப் படியில கால வெச்சானோ, அதுலதான் நானும் வெச்சேன்."

பாண்டி மாஸ்டர் கார்டை எடுத்துக் கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கினான். அப்புறம்தான் அவனுக்கு மூச்சு வந்தது. பிள்ளை பிழைத்தாள், அது போதும்.

போன் அடித்தது. முகைதீன்.

"பாண்டி பாய், முப்பது கார்டும் வித்துப் போச்சு. பார்டர் ஏக்தம் மஸ்த், எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு."

"யார் யாருக்கு வித்தீங்க?"

"அதெல்லாம் ஞாபகமா இருக்கும்? எல்லாம் இங்கன ஏணி வீட்டுப் பிள்ளைங்கதான். ஆமா பாய், அந்த ஓரத்துல ஏணி நேத்துவரைக்கும் சும்மாதானே இருந்துச்சு? இன்னைக்கு எல்லா மிஷின்லயும் உச்சியில ரெண்டு கால் தெரியுதாம். அத எப்படிப் பண்ணுனீங்க?"