பொன்னி சொன்ன புழு

அறைக்குள் பலாப்பழம் அழுகுகிற நாற்றம். வெண்மதிக்கு ஊர் பலா விளைகிற அண்ணாகிராமம், அந்த வாசம் தெரியாதா? ஆனால் கடலூர்ப் பக்கத்து இந்தச் சிறைக்கு வந்ததிலிருந்து பழமென்று ஒன்றை அவள் கண்ணால் கண்டதில்லை. கக்கூஸ் மூலையின் மூத்திர நெடியையும், ஈரம் காயாத போர்வைகளின் முடை வீச்சத்தையும் தாண்டிக்கொண்டு, தொண்டையில் ஒட்டுகிற அந்தத் தித்திப்பு பக்கத்துப் பாயில் கிடந்த பொன்னியிடமிருந்துதான் வந்தது.

பொன்னிக்குப் புத்தி சரியில்லை. “தலைக்குள்ள புழு நெளியுது” என்று சுவரில் முட்டிக்கொள்வாள். சிதம்பரத்துக்கு மனநல டாக்டரிடம் கூட்டிப்போக வழிக்காவலுக்குப் போலீஸ் வர வேண்டும். அவர்களுக்கு எப்போது பார்த்தாலும் ஏதாவது பந்தோபஸ்து. அதுவரை அவளைப் பார்த்துக்கொள்வது வெண்மதியின் பொறுப்பாம். கைதிக்குக் கைதிதான் டாக்டர். கருமம்!

மாலையில் கதவடைத்ததும் பொன்னி அவள் மடியில் தலையைச் சாய்த்தாள்.

“நீயாவது பாருக்கா.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு வெண்மதி சிக்குப்பிடித்த முடியை விலக்கினாள். முட்டி முட்டிப் பிளந்த காயம். அதன் விளிம்பில் ஒரு சோற்றுப் பருக்கை.

பருக்கை நெளிந்தது. அடியில் இன்னொன்று. அப்புறம் கொத்தாக.

சீ!

கம்பிக் கதவுக்கு ஓடிப்போய்க் கத்தினாள். வார்டர் மாலதி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

“நெஜமாவே புழு இருக்கு மேடம். லைட் அடிச்சுப் பாருங்க.”

“அடப்பாவமே, ஒனக்கும் ஒட்டிக்கிச்சா?” மாலதியின் குரலில் உண்மையான இரக்கம். “ஜாஸ்தி கத்தாத. அவளுக்குக் குடுக்கிற தூக்க மாத்திரையே தரேன், முழுங்கு.”

“ஒரே ஒரு தடவ பாருங்க மேடம்...”

“முழுங்கலைன்னா ஒன்னத் தனி ரூம்ல போட்டுருவாங்க. அப்புறம் இவள யாரு பாத்துக்குவா?”

விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டினாள். மாலதி பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

மயக்கம் வருவதற்குள் எடுத்துவிடலாம். விரலால் ஒன்றைப் பிடுங்கினாள். வழுக்கியது. இன்னொன்று உள்ளே புதைந்துகொண்டது. விரல் மரத்தது. நாக்கு தடித்தது. சுவர் சாய்ந்தது.

மல்லாந்து கிடந்தாள்.

பொன்னி ஊர்ந்து வந்து கன்னத்தோடு கன்னம் ஒட்டிப் படுத்துக்கொண்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சந்தோஷம்.

“பாத்துட்டல்லக்கா? இருக்குல்ல?”

கை எழவில்லை. குரல் எழவில்லை. வெண்மதி வாயை மூடப் பார்த்தாள்.

முடியவில்லை.

கீழுதட்டின்மேல் ஈரமாக ஒன்று ஏறியது. அதன் பின்னால் இன்னொன்று.